வேலையை விடவா, இருக்கவா? மதுரையில் தொழில் ஆலோசனை தரும் இடங்களைப் பற்றி

"விட்டுடலாம்னு இருக்கு. ஆனா விடவும் மனசு வரல."

தொழில் ஆலோசனைக்கு வந்து உட்காரும் முப்பது வயதுக்காரர் முதல் ஐந்து நிமிடத்தில் சொல்வது பெரும்பாலும் இதுதான். ப்ளஸ் டூ முடித்த பிள்ளைக்கு எந்தக் கோர்ஸ் என்ற கேள்விக்கு மதுரையில் தெருவுக்கு நாலு பேர் பதில் சொல்வார்கள். சில வருஷம் ஒரு வேலையில் ஊறிவிட்டு, இருக்கவும் முடியாமல் கிளம்பவும் முடியாமல் நிற்பவரிடம் பேசத் தெரிந்த இடம் குறைவு. அதனால் இந்த விமர்சனத்துக்கு எடைக்கல் ஒன்றுதான். அந்த 'ஆனா'வை அங்கே என்ன செய்கிறார்கள்? முதல் ஒரு மணி நேரத்திலேயே துடைத்துப் போடப் பார்க்கிறார்களா, பக்கத்தில் உட்கார்ந்து பிரித்துப் பார்க்கிறார்களா?

பைபாஸ் ரோடு, அண்ணா நகர், கே.கே. நகர் பக்கம் 'கேரியர் கவுன்சலிங்' என்று போர்டு வைத்திருக்கும் இடங்கள் எல்லாம் ஒரே சேவை தருவதில்லை. அந்தப் போர்டு வைக்க உரிமம் எதுவும் தேவையில்லை என்பதால், நாலு வகை வியாபாரம் ஒரே பெயரில் நடக்கிறது. இரண்டை முதலிலேயே கழித்துவிடலாம்.

ஒன்று, அட்மிஷன் ஏஜென்ட். ஆலோசனை இலவசம் என்பார்கள். சேர்த்துவிடும் ஆளுக்கு இவ்வளவு என்று கல்லூரியோ கோர்ஸ் நடத்தும் கம்பெனியோ தரும் கமிஷன்தான் வருமானம். கண்டுபிடிப்பது எளிது: உங்கள் வேலையைப் பற்றி நாலு கேள்வி கேட்பதற்குள் ஒரு கோர்ஸின் பெயர் வந்து விழும், அரசு ஐ.டி.ஐ., திறந்தநிலைப் பல்கலைக்கழகம் என்ற பேச்சே எழாது. வேலையில் சலித்துப் போயிருப்பவர் இங்கே எளிதில் மாட்டுவார். கோர்ஸில் சேர்ந்துவிட்டால் முடிவு எடுத்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதி வரும். ஃபீஸ் கட்டி மூன்று மாதத்தில் அந்த நிம்மதி கரைந்து, பழைய குழப்பம் கடனோடு திரும்பி வரும்.

இரண்டாவது, விரல் ரேகை எடுத்துத் திறமை சொல்லும் டி.எம்.ஐ.டி. ரேகைகள் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகி முடிந்துவிடுபவை. அவற்றின் சுழியை வைத்து ஒருவருக்குக் கணக்கு வேலை பொருந்துமா, விற்பனை பொருந்துமா என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னர் 1983-இல் சொன்ன பன்முக அறிவுக் கொள்கையின் பெயரை அட்டையில் போடுவார்கள். அந்தக் கொள்கையில் விரல் ரேகைக்கு வேலையே கிடையாது. இதற்கு ஒரு ரூபாய் கொடுத்தாலும் அதிகம்.

மிஞ்சும் இரண்டோடு அரசு மையத்தையும் சேர்த்தால் பார்க்க வேண்டியவை மூன்று: பணம் வாங்கிக்கொண்டு தேர்வு வைத்து ரிப்போர்ட் தரும் மையங்கள், தனியாகப் பார்க்கும் ஆலோசனை உளவியலாளர்கள், கே.புதூரில் இருக்கும் அரசின் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம்.

ரிப்போர்ட் தரும் மையங்களின் ஆர்வத் தேர்வு பெரும்பாலும் உளவியலாளர் ஜான் ஹாலண்ட் 1959-இல் வகுத்த ஆறு பிரிவுகளை ஒட்டியது. கையும் கருவியுமாகச் செய்யும் வேலை, ஆராய்ந்து பார்க்கும் வேலை, கலை, மனிதருக்குச் சொல்லிக் கொடுத்து உதவும் வேலை, பேசி விற்று ஆள் நடத்தும் வேலை, கணக்கும் கோப்புமாக ஒழுங்கு காக்கும் வேலை. லேத் பட்டறை, கீழமாசி வீதி மொத்தக் கடை, தாலுகா ஆபீஸ் என்று ஊரை ஒரு சுற்றுச் சுற்றினாலே இந்தப் பிரிவுகள் கண்ணுக்குத் தெரியும். நல்ல கருவிதான். தன் ஆர்வத்துக்கு ஒரு பெயர் கிடைப்பதே பலருக்குப் பெரிய ஆறுதல்.

பிழை, ரிப்போர்ட்டைப் படித்துச் சொல்லும் இடத்தில் நடக்கிறது. ஒருவருக்கு முதல் மூன்று பிரிவில் 31, 30, 28 என்று மதிப்பெண் வந்தால், அதை முதல், இரண்டாவது, மூன்றாவது என்று வரிசைப்படுத்துவதற்கு அர்த்தமே இல்லை. அடுத்த வாரம் அதே ஆள் எழுதினால் வரிசை மாறிவிடக்கூடும். அந்த நெருக்கமே ஒரு செய்தி: ஒன்றுக்கு மேற்பட்ட வேலைகள் இவருக்கு ஒத்துவரும், குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது. அதைச் சொல்லாமல் '31 வந்திருக்கு, நீங்க பிசினஸ்தான் பண்ணணும்' என்று முடிக்கும் மையத்தில் மேற்கொண்டு உட்கார வேண்டாம். திறன் தேர்வுகளில் வேறொரு கோளாறு உண்டு. நேரம் குறித்து வைக்கும் தேர்வு அது; பள்ளிக்கூடப் பையனுக்கு அந்தப் பழக்கம் இருக்கும். இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வந்து உட்காருபவருக்கு மதிப்பெண் குறைந்தால் அது தூக்கத்தின் மதிப்பெண். கட்டணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை: கேள்வித்தாள் தமிழில் உண்டா, என் மதிப்பெண்ணை எந்த வயதுக்காரர்களோடு ஒப்பிடுகிறீர்கள், தேர்வை வேறு நாளில் எழுதலாமா? ஒப்பிடும் கூட்டம் பதினேழு வயது மாணவர்கள் என்றால் அந்த ரிப்போர்ட் உங்களுக்கானது அன்று.

ரிப்போர்ட்டின் கனத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். முப்பது பக்கம் அச்சாகி ஸ்பைரல் போட்டு வந்தாலும், அதில் இ.எம்.ஐ. இருக்காது, மாமனார் இருக்க மாட்டார், வேலையை விடும்போது கம்பெனி தரும் பணிக்கொடையான கிராஜுட்டிக்கு இன்னும் எத்தனை மாதம் என்பது இருக்காது. காசுக்கு வேலை நடப்பது அதற்குப் பிறகு வரும் பேச்சில்.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கப்பலூர் தொழிற்பேட்டையில் சூப்பர்வைசர். வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம் மூன்று மாதம். மாதச் சம்பளம் 20,500 ரூபாய். திருமங்கலத்தில் எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றித் தரும் சித்தப்பாவின் வைண்டிங் கடைக்கு ஞாயிற்றுக்கிழமை போய்க் காயில் கட்டிப் பழகியவர்; சொந்தமாக ஒரு கடை போட ஆசை. சுமாரான ஆலோசகர் இப்படி ஆரம்பிப்பார்: "தம்பி, உங்ககிட்ட தொழில் இருக்கு. தைரியமா விட்டுட்டு வாங்க." உடனே எதிரில் இருப்பவர், "இல்ல சார், மாசம் பொறந்தா சம்பளம் வந்துருது, வீட்டுல லோன் ஓடுது" என்பார். ஆலோசகர் இன்னும் தைரியம் சொல்லச் சொல்ல, அவர் வேலையில் இருப்பதற்கான காரணங்களை ஒவ்வொன்றாக அடுக்குவார். "குடும்பஸ்தன், இருக்கிறத விடாதீங்க" என்று ஆரம்பித்தாலோ, கடைக்கு ஆதரவாகப் பேச ஆரம்பிப்பார். தராசில் ஒரு தட்டை நாம் அமுக்கினால் மறுதட்டை அவர் அமுக்குவார். மனசில் இரண்டு பக்கமும் ஏற்கெனவே இருப்பதால் இது நடக்கிறது. உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-இல் குடிப்பழக்க சிகிச்சையை வைத்து எழுதியதும் பிறகு ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து ஒரு முறையாக வளர்த்ததும் இதைத்தான். தன் வாயால் எந்தப் பக்கத்தை அதிகம் பேசுகிறாரோ அந்தப் பக்கம் சாய்ந்துகொண்டு ஆள் வீடு திரும்புவார்.

வேலை தெரிந்த ஆலோசகர் வேறு மாதிரி பேசுவார்: "தேதி தவறாம சம்பளம் வர்றது உங்களுக்குப் பெரிய பிடிமானம். ஞாயித்துக்கிழமை சித்தப்பா கடையில உக்காந்தா நேரம் போறதே தெரியலன்னும் சொல்றீங்க." அவ்வளவுதான். அப்புறம் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார். அந்த அரை நிமிட அமைதிக்குத்தான் கட்டணம் என்றே சொல்வேன். அடுத்து ஒரு எண் கேட்பார். "கடை போடுறது எவ்வளவு முக்கியம், பத்துக்கு எத்தனை?" "ஏழு." "போட்டா நடத்திருவோம்ங்கிற நம்பிக்கை?" "நாலு." இங்கே பழகாதவர் "ஏன் நாலுதான்?" என்று கேட்டுவிடுவார், பயங்களின் பட்டியல் வரும். பழகியவர் "ஏன் ரெண்டுன்னு சொல்லல?" என்பார். அப்போதுதான் "காயில் கட்டுற வேல கைக்கு வந்துருச்சு, பத்துப் பதினஞ்சு விவசாயி நம்மள நம்பி மோட்டார் தூக்கிட்டு வர்றாங்க" என்ற பதில் கிடைக்கும். ஏழுக்கும் நாலுக்கும் நடுவில் இருக்கும் பள்ளம்தான் அடுத்த சந்திப்பில் பார்க்க வேண்டிய வேலை.

பிறகு ஒரு தாளை நாலு கட்டமாகப் பிரிப்பார்கள். இருந்தால் கிடைப்பது, இருந்தால் போவது, விட்டால் கிடைப்பது, விட்டால் போவது. ஜானிஸ், மான் என்ற உளவியலாளர்கள் 1977-இல் தந்த கணக்குத் தாளை எளிமையாக்கிய கட்டம் இது. நம் சூப்பர்வைசரின் தாளில் 'மழை மூணு மாசம் மோட்டார் எரியாது' என்பது விட்டால் போவதில் வர வேண்டும். கோடையில் தண்ணீர் இறங்கி, வோல்டேஜ் விழுந்து போர் மோட்டார்கள் கருகும்போது வைண்டிங் கடையில் இடம் இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் அதே கடை வெறிச்சோடிக் கிடக்கும். 'இருந்தால் போவது' என்ற கட்டத்தைத்தான் எல்லோரும் காலியாக விடுகிறார்கள். ஆலோசகர் அங்கே விரல் வைத்துக் கேட்க வேண்டும். கட்டம் நிறைந்தபின் எண்ணிக்கையைக் கூட்டிப் பார்ப்பது தவறு. ஆறு சின்னக் காரணத்தை ஒரு பெரிய காரணம் தூக்கி அடிக்கும். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். ஏற்கெனவே விடுவது என்று முடிவுக்கு வந்துவிட்டவருக்கு இந்தக் கட்டம் வேண்டாம். மறுபடியும் இரண்டு பக்கமும் எழுத வைத்தால் எடுத்த முடிவு ஆட்டம் காணும். எல்லோருக்கும் முதல் நாளே இதே தாளை நீட்டும் மையத்துக்கு மதிப்பெண் குறைக்கிறேன்.

பணக்கணக்கு ஆலோசகரின் வேலை இல்லை என்று சில உளவியலாளர்கள் ஒதுங்குகிறார்கள். பேச்சு நன்றாக இருக்கும், ஆள் தெளிவாக எழுந்து போவார், ஆறு மாதம் கழித்துத்தான் வலிக்கும். நிரந்தரப் பணியாளருக்கு கிராஜுட்டி பெறப் பொதுவாக ஐந்து வருஷத் தொடர் சர்வீஸ் வேண்டும். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 14,000 என்றால், அதை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து வருஷத்தால் பெருக்க, ஐந்து வருஷத்துக்குச் சுமார் 40,000 ரூபாய். நம் ஆளுக்கு இன்னும் ஒன்பது மாதம். வைண்டிங் மெஷினும் காப்பர் கம்பியும் வாங்கும்போது அந்தப் பணம் கைகொடுக்கும். பி.எஃப். பென்ஷனுக்குப் பத்து வருஷ சர்வீஸ் வேண்டும் என்பதால், எட்டரை, ஒன்பது வருஷத்தில் நிற்பவரிடம் இதைக் கேட்காமல் விடுவது பெருந்தவறு. சம்பளம் 21,000-க்குள் இருப்பவருக்கு ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு உண்டு. வீட்டில் சர்க்கரை, பிரஷர் என்று தத்தனேரி ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கும் அம்மா இருந்தால், வேலையை விட்டபின் அந்தச் சலுகை எந்தத் தேதி வரை ஓடும் என்று ராஜினாமாக் கடிதத்துக்கு முன்பே கேட்டு வைக்க வேண்டும்.

கடைக்குக் கடன் என்றால் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தை ஆலோசகர் தெரிந்து வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரையிலான திட்டத்துக்கு மானியத்தோடு வங்கிக் கடன் கிடைக்கும்; நகரத்தை விட கிராமப்புறத்தில் மானியம் கூடுதல். புதிதாகத் தொடங்குகிற தொழிலுக்கு மட்டுமே அது. ஆர்வத்தில் கடையைத் திறந்து போர்டு மாட்டிவிட்டு, பிறகு மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய் விண்ணப்பித்தால் நடக்கிற தொழில் என்று தள்ளிவிடுவார்கள்.

அரசு மையத்துக்கு வருவோம். கே.புதூர் அலுவலகத்தைப் பதிவு புதுப்பிக்கும் இடமாக மட்டுமே பலர் நினைக்கிறார்கள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வரும் அந்தப் புதுப்பித்தலை இணையத்திலேயே முடித்துவிடலாம். அங்கே நேரில் போக வேண்டியது வேறு காரணத்துக்கு. தன்னார்வப் பயிலும் வட்டம் மூலம் போட்டித் தேர்வுக்கு இலவசப் பயிற்சி உண்டு. தனியார் வேலைவாய்ப்பு முகாம் நடத்துகிறார்கள். எந்தத் தேர்வுக்கு எந்த வயது, எந்தச் சான்றிதழ் என்ற விவரத்தில் தனியார் மையங்களை விட அங்கே கேட்பது பத்திரம். சாதிச் சான்று, மதிப்பெண் பட்டியல், அனுபவச் சான்று நகல்களோடு போனால் பேச்சு வேகமாக நகரும். குறை என்னவென்றால், வேலை இல்லாதவருக்கு வேலை என்பதே அந்த ஏற்பாட்டின் அடிப்படை. வேலையில் இருந்துகொண்டு மனசு ரெண்டுபட்டு நிற்பவர் இரண்டு, மூன்று தடவை உட்கார்ந்து மனம் விட்டுப் பேசுவதற்கு அங்கே வசதி குறைவு. விவரத்துக்கு அங்கே, பேச்சுக்கு வேறிடம் என்று பிரித்துக்கொள்வதுதான் சரி. தமிழக அரசின் திறன் பயிற்சித் திட்டமான நான் முதல்வன் 2022-இல் வந்தது. அது முக்கியமாக மாணவர்களுக்கானது.

மதுரையில் 'வேலையை விட்டுட்டு' என்ற பேச்சு பாதி நேரம் 'டி.என்.பி.எஸ்.சி. படிக்கப் போறேன்' என்றுதான் முடியும். இங்கேதான் ஆலோசகரின் தரம் பளிச்சென்று தெரியும். நல்லவர் முதலில் கேட்பது தேதி: எந்தத் தேர்வு, எத்தனை தடவை, எந்த மாதத்தில் நிறுத்துவீர்கள்? நிறுத்தும் தேதி இல்லாத படிப்பு ஐந்து வருஷத்தைத் தின்றுவிடும். குரூப் 4-ல் 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் பாதி தமிழ். தமிழ்ப் பகுதியில் 150-க்கு 60 வராவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். ஆகவே வேலையில் இருக்கும்போதே பன்னிரண்டு ஞாயிறு, பழைய கேள்வித்தாள் ஒன்றை முழு மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதிப் பார்க்கச் சொல்ல வேண்டும். நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இதற்கு அருமையான இடம். பன்னிரண்டில் எத்தனை ஞாயிறு உண்மையில் போனார் என்பதே பாதி பதில். மதிப்பெண் ஏறுகிறதா என்பது மீதி.

இதே மாதிரி சின்ன வெள்ளோட்டம் எந்த மாற்றத்துக்கும் வேண்டும். போக நினைக்கும் வேலையில் இருக்கும் மூன்று பேரிடம் பேசச் சொல்வார்கள். அதில் கேள்வியையும் சேர்த்துச் சொல்லித் தருபவரே நல்ல ஆலோசகர். "அண்ணே, இந்த வேல நல்லாருக்குமா?" என்று கேட்டால், "ஓ, நல்லாருக்கும்ப்பா" என்றுதான் வரும். "போன செவ்வாக்கெழம காலையில இருந்து என்ன செஞ்சீங்க?" என்று கேட்டால், கடன் வசூலுக்கு மூன்று ஊர் அலைந்ததும், சாப்பாடு நாலு மணிக்கு ஆனதும் வெளியே வரும். அதைக் கேட்ட பிறகும் ஆசை இருக்கிறதா என்பதுதான் தெரிய வேண்டியது.

குடும்பத்தை எப்படி நடத்துகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். இங்கே ஆலோசனைக்குத் தனியாக வருபவர் குறைவு. அப்பா வருவார், மனைவி வருவார், தாய்மாமா காரை ஓட்டிக்கொண்டு வருவார். அப்பா முதலில் பேசிவிட்டால் மகனின் 'ஆனா' உள்ளேயே போய்விடும். முதல் சந்திப்பில் சம்பந்தப்பட்டவரைத் தனியாகப் பார்த்து, அவர் சம்மதத்தோடு இரண்டாவதில் வீட்டாரைச் சேர்ப்பதுதான் முறை. மனைவியின் பயத்தைத் தடை என்று எழுதாமல் அதையும் ஒரு கணக்காக எடுத்துக்கொள்பவர் நல்ல ஆலோசகர். "எத்தனை மாசத்துக்குச் செலவுக்குக் கையில இருந்தா உங்களுக்குத் தூக்கம் வரும்மா?" என்று அவரிடமே கேட்டால் ஒரு எண் கிடைக்கும். அந்த எண்ணை வைத்து சேமிப்பு ஆரம்பிக்கலாம்.

கட்டணத்தைப் பேசும்போது மொத்தத் தொகையைப் பார்க்காமல், ஆளோடு உட்காரும் நேரத்தைப் பாருங்கள். ஒரு தேர்வும் இருபது நிமிட விளக்கமும் என்றால் அது அச்சுக்கூலிதான். ஐம்பது நிமிடச் சந்திப்பு மூன்று, ஆறு வாரம் கழித்து ஒரு தொடர் சந்திப்பு; இதற்குக் குறைந்து இந்தக் குழப்பம் பிரியாது. பார்ப்பவர் உளவியலில் முதுகலை படித்தவரா, தேர்வு வைப்பவரும் பேசுபவரும் ஒருவரேயா, கோர்ஸ் எதையாவது விற்கிறார்களா என்று போனிலேயே கேட்டுவிடலாம். கேட்டதற்குக் கோபப்பட்டால் பேருந்துச் செலவு மிச்சம்.

தூக்கமே வராமல், சாப்பாடு இறங்காமல், எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் இருப்பவருக்குத் தொழில் ஆலோசனை முதல் படியாகாது. மனநல மருத்துவரைப் பார்த்த பிறகு இதற்கு வரலாம். அதை அடையாளம் கண்டு அனுப்பிவைக்கும் ஆலோசகரை முழுதாக நம்பலாம்.

போகிற காலம் பற்றி ஒன்று. மே, ஜூனில் எல்லா இடத்திலும் ப்ளஸ் டூ கூட்டம். ஒருவருக்கு அரை மணி நேரம்கூடக் கிடைக்காது. ஆடி பிறந்தபின் கூட்டம் வடியும். வார நாளில் பகல் நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு, சம்பள ரசீது, பி.எஃப். பாஸ்புக், கடன் விவரம் மூன்றையும் கையில் எடுத்துப் போங்கள்.